1:87 அளவில் பழைய மர வேலிக்கால் செய்வது எப்படி?

நண்பர்களே, வணக்கம். ஊட்டி மலை ரயிலை வைத்து 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) ஒரு சின்ன மாடல் செய்துகொண்டிருக்கிறேன். 12 மி.மீ. இடைவெளியில் தண்டவாளம் போட்டாயிற்று. கேத்திப் பக்கம் இருப்பது போல ஒரு கேரட் தோட்டமும் தயார். வேலியில்தான் மாட்டிக்கொண்டேன்.

நிஜத்தில் ஒன்றரை மீட்டர் கால் என்றால் இதில் 17 மி.மீ. உயரம், ஒன்றரை மி.மீ.க்கும் குறைவான தடிமன். முதலில் தீக்குச்சியைச் சீவிப் பார்த்தேன். அதில் மெழுகு ஏற்றியிருப்பார்கள் போல, சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கிறது. பல்குச்சி ரொம்ப உருண்டை, கடைந்தெடுத்த மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு பால்சா என்ற லேசான, மென்மையான மரத்தின் மெல்லிய பலகையைப் பிளேடால் கீறிப் பிளந்து, கம்பி பிரஷால் நீளவாக்கில் தேய்க்கிறேன். ரேகை அழகாக விழுகிறது.

நிறம்தான் பிரச்சினை. டீ டிகாக்‌ஷனில் ஊறவைத்து, காய்ந்ததும் இரும்பு நார் ஊறிய வினிகரைத் தடவினேன். வெயிலில் வெளுத்த சாம்பல் நிறம் வரவேண்டிய இடத்தில் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது! டிகாக்‌ஷனைக் குறைக்கணுமா, வினிகரில் தண்ணீர் கலக்கணுமா?

அப்புறம் இன்னொன்று. கம்பி கோக்க ஓட்டை போட்டால் நாலில் ஒரு கால் பிளந்துவிடுகிறது. ஓட்டை போடாமல் ஒட்டினால் பசை பட்ட இடம் பளபளக்கிறது. மொத்தம் 80 கால் வேண்டும், இதுவரை உருப்படியாக வந்தது பதினொன்றுதான். செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.