பொருள்: பூவில் செய்யும் ஜெல்லிக்குத் தமிழ்ப்பெயர்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

உண்ணத்தகு காட்டுப்பூக்களைப் பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பூவை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றில் எலுமிச்சைச் சாறும், பழங்களிலிருந்து எடுக்கப்படும் இறுகவைக்கும் பொருளான பெக்டினும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, சீனியிட்டுக் காய்ச்சிப் போத்தலில் அடைக்கும் பண்டத்துக்குப் பெயர் வேண்டும். மூலத்தில் டேன்டிலயனும் வயலட்டும் உள்ளன. நம் வேலிகளில் படரும் சங்குப்பூவை நான் சேர்த்திருக்கிறேன். 'பூப்பாகு' எனலாமா?

— ஆசிரியை, பினாங்கு

*

அம்மா, பூப்பாகு, பூம்பாகு இரண்டும் சரியே. "பூப்பெயர் முன் இனமென்மையும் தோன்றும்" என்னும் நன்னூல் நூற்பா மெல்லினம் தோன்றுவதைச் சொல்கிறது; 'மென்மையும்' என்பதிலுள்ள உம்மை, வல்லினம் மிகுவதையும் தழுவிக்கொள்கிறது. செவிக்கு இனியது பூம்பாகு. ஆயினும் பாகு ஓடுவது. தாங்கள் கேட்பதோ நிற்பது. நெய், வெண்ணெய், கொழுப்பு எனப் பொருள்படும் 'இழுது' என்னும் பழஞ்சொல்லை மீட்கலாம். புறநானூறு 150ஆம் பாட்டில் "இழுதின் அன்ன வால்நிணக் கொழுங்குறை" என வருகிறது. சொறிமீனை இழுதுமீன் என எழுதுவோரும் உளர். உடம்படுமெய் பெற்றுப் 'பூவிழுது' ஆகும்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பட்டர்வொர்த்

*

ஐயா மன்னிக்க வேண்டும். பூவிழுது என்றால் இஞ்சி பூண்டு விழுதைப் போலப் பூவை அரைக்கச் சொல்கிறார்கள் என்றே பிள்ளைகள் கொள்வார்கள். மேலும், தாங்கள் காட்டிய இழுது வெண்ணிறக் கொழுப்புக்கு உவமை. இதுவோ கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும்.

பாகும் பொருந்தாது. சங்குப்பூவின் நீலச் சாறு எலுமிச்சை பட்டதும் ஊதாவாக மாறும். காய்ச்சும்போது அகப்பையின் விளிம்பில் முதலில் தனித்தனியாகச் சொட்டும் துளிகள், 104 பாகை செல்சியசை எட்டும்போது ஒன்றோடொன்று கூடி, ஒரே தகடாக வழுக்கி விழும். அதுவரை அது பாகு; ஆறியபின் வேறு பொருள். இரண்டையும் ஒரே பக்கத்தில் பாகு என்று எழுதினால் அடுப்பை எப்போது அணைப்பது என்று தெரியாது.

நம் வீடுகளில் ஜெல்லி என்றாலே அகார் அகார்தான் என்பதும் உண்மை. ஆனால், கடற்பாசியிலிருந்து வரும் அது சீனியும் புளிப்பும் இல்லாமலே இறுகும். கையேட்டில் சொல்லும் பெக்டினுக்கோ அமிலமும், எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு சீனியும் வேண்டும். இந்த வேறுபாட்டை ஒரு வரியில் விளக்கிவிட்டு ஜெல்லி என்றே எழுதுங்கள்.

— சமையற்கலைப் பயிற்றுநர், கோலாலம்பூர்

*

விளக்கத்துக்கு நன்றி, முடிவை ஏற்க இயலவில்லை. வடசொல்லை வடவெழுத்து நீக்கித் தமிழெழுத்தால் எழுதச் சொல்லும் தொல்காப்பியரின் 'வடவெழுத்து ஒரீஇ' என்னும் நெறியை இதற்கும் நீட்டிச் 'செல்லி' என்று எழுதினால் செல்லியம்மன் நினைவே வரும். எனவே மொழிபெயர்ப்பதே வழி. ஜெல்லியின் மூலமான இலத்தீன் வினைக்கு உறைதல் என்பதே பொருள். பெக்டினின் கிரேக்க மூலத்துக்கும் அதே பொருள்தான். பால் உறைகிறது, இரத்தம் உறைகிறது என்று அன்றாடம் பேசுகிறோம். 'உறைபாகு' என்று வினைத்தொகையாக்கினால், அடுப்பில் இருப்பது பாகு, போத்தலில் இருப்பது உறைபாகு எனத் தெளிவாகப் பிரியும்.

— குழு உறுப்பினர், கோலாலம்பூர்

*

உறைதலுக்குத் தங்குதல் என்றும் பொருள் உண்டே! 'பூவுறைபாகு' என்றால் பூ தங்கியிருக்கும் பாகு என்றாகும். இதில் பூவை வடித்து நீக்கிவிடுகிறோம்.

— பட்டர்வொர்த்

*

அப்படியானால் பூவை ஒட்டாமல், 'சங்குப்பூச்சாற்று உறைபாகு' என எழுதலாம். நீளம்தான், ஆனால் பிழையில்லை.

— கோலாலம்பூர் உறுப்பினர்

*

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தார் மறுபடியும் அழைத்துவிட்டார்கள். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் உறைபாகுக்கே இசைந்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் மட்டும் 'ஜெல்லி எனப்படும் உறைபாகு' என்றும், பிறகு உறைபாகு என்றும் எழுதுகிறேன்.

— ஆசிரியை

*

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. இழுதை விலக்கியதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. நெய்யும் உருகும், உறையும். நிறம் ஒன்றை வைத்து ஒரு சங்கச் சொல்லைத் தள்ளலாகாது. கலைச்சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகவேனும் அதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— பட்டர்வொர்த்