கன்னு செத்த பசு பால் இறக்கவில்லை: ஆக்ஸிடோசின் ஊசி போடலாமா?

விளவங்கோடு பால்காரர்:
ஜெர்சி கலப்பு, மூணாம் ஈத்து, ஈன்று 24 நாள். போன வாரம் கன்னு செத்துப்போச்சு. அதுவரை காலையில் 6 லிட்டர், இப்போ ஒன்றரைக்கு மேல் வரல. கறந்து முடிச்ச பிறகும் மடி கனத்தே நிக்குது. சூடு இல்ல, பாலில் திரியும் (கட்டி கட்டியா வர்றது) இல்ல. ஒருத்தர் ஆக்ஸிடோசின்னு லேபிள் இல்லாத குப்பி ஒண்ணு தந்து, கறக்கும் முன்னால தினம் போடச் சொல்றார். போடலாமா?

தோவாளை தொழுவம்:
அண்ணாச்சி, உங்க கணக்கிலேயே காரணம் இருக்கு. பசு மடியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பால்தான் காம்புக்கு மேலுள்ள அறையில் நிற்கும். மிச்சமெல்லாம் உள்ளே நுண்ணறைகளில். கன்னு முட்டினாலோ கை பட்டாலோ அந்த உணர்வு தண்டுவடம் வழியா மூளைக்குப் போகும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி ஆக்ஸிடோசின்ங்கிற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது மடிக்கு வந்து நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களை இறுக்கினால்தான் பால் இறங்கும். உங்களுக்கு வர்ற ஒன்றரை லிட்டர் அறையில் நின்ன பால் மட்டும். சுரப்பு குறைஞ்சிருந்தா மடி தொளதொளன்னு இருக்கும், கனத்து நிக்காது.

வெதுவெதுப்பான தண்ணியில் காம்பைக் கழுவி, உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்க. ஒவ்வொரு காம்பிலும் மூணு நாலு பீச்சு கறுப்புக் கிண்ணத்தில் விட்டுத் திரி இருக்கான்னு பாருங்க. தொட ஆரம்பிச்சு ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்தில் காம்பு விறைக்கும். அப்போ தொடங்கி 5 முதல் 7 நிமிஷத்துக்குள் முழுக்கையால் கறந்து முடிக்கணும். ஆக்ஸிடோசின் ரத்தத்தில் சில நிமிஷம்தான் வேலை செய்யும். கழுவி வச்சுட்டு டீ குடிக்கப் போனா போச்சு. கட்டைவிரலை மடக்கி இழுக்கவும் வேண்டாம், வலிக்கும். வலி, அடி, நாய், புது ஆள் எதுவானாலும் அட்ரினலின் ஏறி இறக்கத்தை அடைச்சிடும்.

ஒரே ஆள், ஒரே நேரம், கழுவும்போதே முன்னால புண்ணாக்கு. அந்தத் தொட்டிச் சத்தத்துக்கே சில நாளில் பழகிடும். செத்த கன்னுத் தோலில் வைக்கோல் திணிச்சு நிறுத்துற பழைய வழக்கத்துக்கும் இதே தத்துவம்தான், ஆனா அதுக்குப் பழக்கினா அப்புறம் அது இல்லாம நிக்காது.

கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, அரை மணி நேரம் தீனி போட்டு நிக்க வைங்க. காம்புத் துளை மூட நேரம் ஆகும். நம்ம ஊர் மழைக்கு ஈரத் தரையில் படுத்தா மடிநோய் நிச்சயம்.

தக்கலை மருந்துக்கடை:
அந்தக் குப்பியைத் தொடாதீங்க. ஆக்ஸிடோசின் டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்கிற மருந்து. பெரும்பாலான தயாரிப்புகளை 2 முதல் 8 டிகிரியில் வைக்கணும், சூட்டில் வீரியம் போகும். லேபிள் இல்லாததில் எத்தனை யூனிட் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒரே ஊசியை நாலு மாட்டுக்குக் குத்தினா நோயும் கூடவே போகும். தினம் போட்டா மாடு ஊசிக்குப் பழகி, ஊசி இல்லாத நாள் தானா இறக்குறது குறையும்.

சட்டமும் இருக்கு. மிருகவதைத் தடைச் சட்டம் 1960, பிரிவு 12: உடம்புக்குக் கேடு வர்ற மாதிரி பாலுக்காக ஊசி போட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாடும் அரசுக்குப் போயிடும்!

டாக்டர் பார்த்து ஓரிரு நாள் போட்டு மடியைக் காலி பண்ணுறது வேற, அது சிகிச்சை. ஒரு வாரமாத் தேங்கின மடிக்கு அது தேவைப்படலாம், இனி தள்ளிப்போடாதீங்க. 1962-க்குக் கூப்பிட்டாக் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

விளவங்கோடு பால்காரர்:
சரி, கூப்பிடுறேன். ஊசி போட்ட மாட்டுப் பாலைக் குடிச்சாப் பெண்பிள்ளைங்க சீக்கிரம் வயசுக்கு வந்துடுவாங்கன்னு சொல்றாங்களே?

தோவாளை தொழுவம்:
ஆக்ஸிடோசின் 9 அமினோ அமிலம் கோர்த்த சின்னப் புரதத் துண்டு. குடலில் செரிமான நொதிகள் அதை உடைச்சிடும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்கத் தாய்க்கு 10 யூனிட் கொடுக்குறதும் ஊசியாத்தான், மாத்திரையா இல்ல. பூப்பெய்துவது வேற ஹார்மோன்களோட வேலை. பாவம், கேடு பசுவுக்குத்தான்.