மார்க் 2-வைப் பிரித்துத் துடைத்த ராத்திரி

ரூகர் கம்பெனியின் மார்க் 2 பிஸ்டல் வைத்திருப்பவர்கள் இங்கே யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என்னுடையது இது.

என்னிடம் இருப்பது .22 (0.22 அங்குலத் தோட்டா) பிஸ்டல். அப்பா வெளிநாட்டு வேலை முடிந்து திரும்பியபோது கொண்டு வந்தது, அவருக்கு 70 வயது தாண்டியதும் லைசென்ஸை என் பெயருக்கு மாற்றினோம். 25 மீட்டர் குறி சுடுவதில் அதைப் போல எனக்குக் கைகொடுத்த துப்பாக்கி வேறில்லை. ஆனால் பிரித்துத் துடைக்கிற வேலையை வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அப்பாதான் செய்வார். நான் பழைய பனியன் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

தேர்தல் சமயத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள்; 2024 தேர்தலுக்காக மார்ச்சில் ஒப்படைத்தது ஜூனில்தான் கைக்கு வந்தது. வைத்திருந்த இடத்தில் தோல் உறையோடு அப்படியே போட்டு வைத்துவிட்டார்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதிலும் சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம். பேரலின் (குழலின்) இடது பக்கம் கடுகு தெளித்த மாதிரி துரு. பார்த்ததும் வயிறு எரிந்தது. வெளியே இப்படி என்றால் உள்ளே எப்படியோ என்று அன்று ராத்திரியே பிரிக்க உட்கார்ந்தேன். அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, நாற்காலியைப் போட்டு அருகில் உட்கார்ந்துகொண்டார்.

தோட்டா அடுக்கும் மேகசினை எடுத்து, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்டை இழுத்து, தோட்டா உட்காரும் அந்தச் சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியாலும் தொட்டுப் பார்த்தேன். இதில் ஹேமரை (உள்ளே இருக்கும் சுத்தியை) இறக்க டிரிகரை இழுத்தே ஆக வேண்டும் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் அப்பா இரண்டு முறை செய்யச் சொல்வார். அப்புறம் பிடியின் பின்பக்கத் தாழ்ப்பாளைப் பேப்பர் கிளிப்பால் நெம்பி, ஸ்பிரிங் இருக்கிற பாகத்தைக் கீழே இழுத்து எடுத்தால் போல்ட் பின்வழியாக வந்துவிடும். பேரல்தான் வரவில்லை. புதுப்பேட்டையில் வாங்கிய ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு தட்டிய பிறகுதான் நகர்ந்தது.

உள்ளே துரு இல்லை, மசைதான். .22 தோட்டாவின் மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து கண் மை மாதிரி குழைந்து கிடந்தது. போல்டின் முகத்திலும் சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியிலும் பல்குச்சியால் சுரண்ட வேண்டியிருந்தது. பேரலைத் தனியாகக் கழற்றுவதில் ஒரு பெரிய லாபம், சேம்பர் பக்கத்திலிருந்தே கம்பியை விடலாம். குழல் வாய்ப் பக்கமிருந்து விட்டால் அந்த விளிம்பு தேய்ந்து குறியே கெட்டுப்போகும்.

துடைக்க முக்கால் மணி நேரம். திரும்ப மாட்ட மூன்று மணி நேரம்.

ஹேமரிலிருந்து சின்னதாக ஒரு தண்டு தொங்கும். கடைசிப் பாகத்தை மூடும்போது அதன் நுனி ஸ்பிரிங்கின் தலையில் இருக்கிற குழியில் போய் உட்கார வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம், விரலும் போகாது. நான் மூடினேன், வழவழவென்று மூடிக்கொண்டது, சந்தோஷப்பட்டேன். போல்டை இழுத்தால் பாதியில் நிற்கிறது. மறுபடி திற, மறுபடி மூடு, மறுபடி அதே கதை. பதினோரு மணிக்கு அப்படியே ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டிவிடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஐந்தாவது தடவை மூடும்போது அப்பா, "ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ தண்டு உட்காரல. லேசா மூடிக்கிச்சுன்னா தப்பு. டிரிகரை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு மெதுவா சாய், அது தானா ஆடித் தொங்கணும்" என்றார். அப்படியே செய்தேன், கடைசிக் கொஞ்ச தூரம் உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளியது. போல்டும் முழுசாக வந்தது.

2016-இல் வந்த மார்க் 4-இல் பின்னால் ஒரு பொத்தானை அமுக்கினால் துப்பாக்கி இரண்டாக மடங்கிக் கழன்றுவிடும். இந்த டிசைனில் முதல் துப்பாக்கி 1949-இல் வந்தது, இதைச் சரிசெய்ய அவர்களுக்கு அத்தனை வருஷமா என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பதில் 1:
அண்ணா, எனக்கு ஏர் பிஸ்டலில் இதே வேதனை. மேட்சுக்கு இரண்டு நாள் முன்பு காற்றுச் சிலிண்டர் மாட்டுகிற இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) கழற்றினேன், மாட்டும்போது அது நசுங்கிவிட்டது. ராத்திரி முழுக்க மெல்லிசாகக் காற்றுக் கசிந்து, 200 பார் அழுத்தத்தில் இருந்த சிலிண்டர் காலையில் காலி. இப்போதெல்லாம் பேரலைத் துடைக்கும் ஃபெல்ட் பெல்லட் (கம்பளித் துணிக் குண்டு) இரண்டு விடுவதோடு சரி. நீங்கள் ஒவ்வொரு பிராக்டிஸுக்கும் முழுசாகப் பிரிக்கிறீர்களா?

பதில் 2:
இல்லைம்மா. வாராவாரம் போல்டைப் பின்னால் நிறுத்தி, சேம்பர் வாயைப் பிரஷால் தேய்த்து, துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வெளியே துடைப்பேன். முழுசாகப் பிரிப்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான். தோல் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டேன், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத பெட்டியில்தான் இப்போது இருக்கிறது. நசுங்கிய ஓ-ரிங்குக்கு அதே அளவில் இன்னொன்று கிடைத்ததா?