வயிற்றுக் கோளாறால் வரும் வாய் துர்நாற்றத்திற்குப் புரோபயாட்டிக் பயன் தருமா?

கேள்வி:
நெடுங்காலமாக நெஞ்செரிச்சலாலும் வயிற்று உப்புசத்தாலும் அவதிப்படுகிறேன். அவற்றோடு வாய் துர்நாற்றமும் சேர்ந்துகொண்டதால் பிறர் அருகில் நின்று பேசவே கூச்சமாக இருக்கிறது. ஈறுகளில் நோய் இல்லை என்று பல் மருத்துவர் சொல்லிவிட்டார். குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரைகளை உட்கொண்டால் இது நீங்குமா என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வணக்கம். ஈறுகள் நலமாக இருப்பதை மட்டும் வைத்து, துர்நாற்றம் வயிற்றிலிருந்துதான் வருகிறது என்று முடிவு செய்ய இயலாது. வாய் துர்நாற்றத்தில் 80 முதல் 90 விழுக்காடு வாயிலேயே உண்டாகிறது. நாக்கின் பின்பகுதியில் படியும் வெண்படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் புரதங்களைச் சிதைத்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தில் மெர்காப்டன் ஆகிய கந்தக வாயுக்களை வெளியிடுகின்றன. வாயை மூடி மூக்கு வழியாக நீங்கள் மூச்சுவிடும்போதும் அதே நாற்றம் வீசுகிறதா என்று நெருங்கிய ஒருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். வாய்மூச்சில் மட்டும் இருந்தால் மூலம் பெரும்பாலும் வாய்தான். இரண்டிலும் இருந்தால், இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியேறும் டைமெத்தில் சல்ஃபைடு போன்ற வாயுவைச் சந்தேகிக்கலாம்.

விழுங்கும் மாத்திரை நாக்கில் தங்குவதில்லை. வாய்க்கென்றே ஆராயப்பட்டது, நியூசிலாந்தில் ஆய்வாளர் ஜான் டேக் கண்டறிந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ் கே12 என்னும் பாக்டீரியா வகை. அது சலிவேரிசின் என்ற புரதங்களைச் சுரந்து வேறு சில பாக்டீரியாக்களை அடக்குகிறது. 2006இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், முதலில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு வாயைத் தூய்மைப்படுத்திய பிறகே இதைச் சப்பும் மாத்திரையாகக் கொடுத்தார்கள்; பலருக்குக் கந்தக வாயுக்கள் குறைந்தன. அந்த வரிசைமுறை மிக முக்கியம் என்றே கருதுகிறேன்.

மறுமொழி 2:
நெஞ்செரிச்சல் நீடிப்பதால் இரைப்பை மருத்துவரையும் பாருங்கள். இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவின் தொற்று இருக்கிறதா என்பதை யூரியா மூச்சுப் பரிசோதனையாலோ மலப் பரிசோதனையாலோ அறியலாம். இருந்தால் அதை ஒழிப்பவை ஆன்டிபயாட்டிக் மருந்துகளே. புரோபயாட்டிக் அம்மருந்துகளால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்க உதவுமேயன்றி, அவற்றுக்கு மாற்றாகாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாக்கின் படலத்தைப் பற்றி இதுவரை எவரும் என்னிடம் விசாரித்ததில்லை. சப்பும் மாத்திரையை எப்போது எடுத்துக்கொள்வது நல்லது?

மறுமொழி 1:
இரவில் பல் துலக்கி, நாக்கை வழித்த பிறகு, மெல்லக் கரையவிட்டுத் தண்ணீர் அருந்தாமல் உறங்குங்கள். நிறுத்தினால் அந்தப் பாக்டீரியாக்கள் நாளடைவில் குறைந்துவிடக்கூடும் என்பதால், நாக்கை வழிப்பதை மட்டும் விடாமல் தொடருங்கள். நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எதையேனும் உட்கொள்பவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.