புதுப்பிப்பு: வரணி மாணவர் முகாமுக்குத் தண்ணீரும் மரக்கறியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரணிக்கு அருகே நடத்தவிருந்த மாணவர் முகாமுக்குத் தண்ணீரையும் மரக்கறியையும் எங்கே பெறலாம் என்று முன்னர் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மரக்கறியும் தேங்காயும், பலர் சொன்னபடியே, கொடிகாமம் சந்தையில் காலையிலேயே கிடைத்தன. சாவகச்சேரி வரை போக வேண்டியிருக்கவில்லை.

தண்ணீருக்குக் கைகொடுத்தது, முகாம் கிணற்றில் நீர்ப்பம்பியை நிறுத்திவிட்டு வாளியால் அளவாக அள்ளும்படி ஓர் அன்பர் கூறிய யோசனையே. குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் நன்னீரானது உவர்நீரின் மேல் கண்ணாடி வில்லைபோல மிதப்பதால், வேகமாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழுந்துவிடும். முதல் நாள் மாலைத் தேநீர் கரித்ததற்குக் காரணம் அதுதான். எதிர்பாராத விதமாக, மறுநாள் காலையே கிணறு ஓரளவு பழைய சுவைக்குத் திரும்பியிருந்தது. ஆயினும் குடிப்பதற்குக் கொதிக்கவைத்த நீரையே கொடுத்தோம். ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையே இக்கிணறுகளை நிரப்புவதால், ஆவணியில் முகாம் வைப்போர் தண்ணீர் பவுசருக்கும் (தாங்கி வண்டிக்கும்) முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.