தம்பி நியூயார்க்கில் பழைய கோ-ஆப் வீடு வாங்குகிறான், அப்பா பெயரையும் சேர்க்கலாமா?

ஈசூன்வாசி:
என் தம்பி எட்டு வருஷமாக நியூயார்க்கில் வேலை பார்க்கிறான். குவீன்ஸில் ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. 1920களில் கட்டிய ஆறு மாடிக் கட்டடம், ஒரு படுக்கையறை, உயரமான கூரை, மரத்தரை, நடுவில் தோட்டம். விலை 410,000 டாலர். நம்ம சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றினால் ஏறக்குறைய இங்கே ஒரு நாலறை வீட்டு விலைதான், அதுவரை சரி.

மற்றதுதான் தலை சுற்றுகிறது. கோ-ஆப் என்பதால் வீட்டை வாங்கவில்லையாம், பங்கு வாங்குகிறானாம். மாசம் 950 டாலர் பராமரிப்புக் கட்டணமாம், நாங்கள் நகர மன்றத்துக்குக் கட்டுவது நூறு வெள்ளிகூட வராது. போதாததற்கு, அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிற நாலைந்து பேர் உட்கார்ந்து இவனைக் கேள்வி கேட்டு, பிடித்திருந்தால்தான் வீடாம். பெண் பார்க்கிற மாதிரி!

அப்பா 80,000 டாலர் தருகிறேன் என்கிறார், ஆனால் "என் பேரும் அதில் இருக்கட்டும்" என்று ஒரே பிடிவாதம். அவருக்கு 71 வயது, சிங்கப்பூர்க் குடிமகன். போன வருஷம்தான் ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு அம்மாவும் அவரும் மூவறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீட்டுக்கு மாறினார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குவீன்ஸில்_ஆறு_குளிர்காலம்:
அக்கா, நான் அதே வட்டாரத்தில் ஒரு கோ-ஆப் வீடு வாங்கி, இருந்து, விற்றுவிட்டுத் திரும்பினவன். பங்கு என்பது உண்மைதான். மொத்தக் கட்டடமும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம், தம்பி அதில் இத்தனை பங்கு வாங்குவான், அந்தப் பங்கோடு குறிப்பிட்ட வீட்டில் குடியிருக்கும் உரிமை ஒரு குத்தகையாக வரும். நம்ம வீவக வீடு மாதிரி குத்தகை வருஷம் குறையக் குறைய மதிப்பு போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், ஆனால் நிலமும் அந்த நிறுவனத்துக்கே சொந்தமா என்று கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். சில கட்டடங்கள் வாடகை நிலத்தில் நிற்கின்றன, நில வாடகை ஏறினால் எல்லார் தலையிலும் விடியும்.

950 டாலரை நகர மன்றக் கட்டணத்தோடு ஒப்பிடாதீர்கள். சொத்து வரி, குளிர்காலச் சூடு, காவலாளி சம்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். கட்டடத்தின் பேரில் வங்கிக் கடன் இருந்தால் அதற்கான தவணையும் அதிலிருந்துதான் போகும், இதைத்தான் நிறைய பேர் கேட்க மறக்கிறார்கள். அந்தக் கடனை மறுபடி புதுப்பிக்கும்போது வட்டி ஏறியிருந்தால் கட்டணமும் ஏறும். எங்கள் கட்டடத்தில் அப்படி ஏறியது, கூடவே முன்பக்கச் செங்கல் சுவர் பழுதுக்கென்று தனியாக ஒரு வசூல். சமையலறை அழகைப் பார்க்கிறதற்கு முன்னால் கடைசி இரண்டு மூன்று வருஷக் கணக்கறிக்கையையும், நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளையும் அவன் வக்கீல் படிக்கட்டும். கொதிகலன், கூரை, லிஃப்ட் என்று எது அடுத்து செலவு வைக்கப் போகிறது என்பது அந்தக் குறிப்புகளில்தான் இருக்கும்.

நேர்காணலைப் பற்றிச் சிரிக்கிறீர்கள், நான் டை கட்டிக்கொண்டு போனேன். வங்கிக் கணக்கு, வருமான வரி, முதலாளி கடிதம், நண்பர்கள் எழுதிய நற்சான்று என்று ஒரு கட்டுக் காகிதம் முன்னாடியே கொடுக்க வேண்டும். இனம், மதம் பார்த்து மறுக்கச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் நகரத்தில் இல்லை. ஒரு வேடிக்கை கேளுங்கள், ஜாக்சன் ஹைட்ஸைக் கட்டிய கம்பெனி ஆரம்பத்தில் யூதர்களையும் கறுப்பர்களையும் உள்ளேயே விடவில்லை. இன்றைக்கு 74ஆம் தெருவில் நடந்தால் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கிறது.

தேக்கா_கணக்கர்:
அப்பா பெயர் வேண்டாம். முதலில் வீவக விதி. மறுவிற்பனை வீடு என்றாலும் ஐந்து வருஷக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிகிறவரை தனியார் வீடு வாங்க முடியாது, வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்கும் அது பொருந்தும். போன வருஷம்தான் மாறினார் என்றால் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது, கேட்கச் சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் குடியில்லாத வெளிநாட்டவர் இறந்தால், அங்கே அவருக்கு இருக்கும் சொத்தில் முதல் 60,000 டாலருக்குத்தான் விலக்கு, அதற்கு மேல் மரண வரி உண்டு, உச்ச விகிதம் 40 விழுக்காடு. அமெரிக்கர்களுக்கு இருக்கும் பெரிய விலக்கு இவருக்குக் கிடையாது. கோ-ஆப் பங்கும் அங்குள்ள சொத்துதான். இங்கே 2008இலேயே இந்த வரியை எடுத்துவிட்டதால் நம் பெரியவர்களுக்கு அது ஞாபகமே வராது.

பணத்தை அன்பளிப்பாகக் கொடுக்கட்டும். "திருப்பித் தர வேண்டியதில்லை" என்று கையெழுத்திட்ட கடிதம் வங்கியும் கேட்கும், கட்டடக் குழுவும் கேட்கும். மத்திய சேம நிதி (ஓய்வுக்காலக் கட்டாயச் சேமிப்பு) கணக்கிலிருந்து நேரடியாக வெளிநாட்டு வீட்டுக்கு எடுக்க முடியாது, ஏற்கெனவே கைக்கு வந்த பணம் என்றால் பிரச்சினை இல்லை. ஒரு வருஷத்தில் வெளிநாட்டிலிருந்து 100,000 டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால் தம்பி அங்கே வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும், இது அதற்குக் கீழேதான்.

காப்பி_ஓ_கோசோங்:
போருக்கு முந்தின வீடுதான் வேணும்னா இங்கே சிங்கப்பூர்லேயே தியோங் பாருவில் இருக்கே? முதல் ஆட்கள் 1936இல் குடிவந்த கட்டடம், 2003இல் பாதுகாக்கப்பட்ட இடமாகவும் அறிவிச்சாச்சு. நேர்காணலும் இல்லை, பனியும் இல்லை. தம்பியை ஊருக்குத் திரும்பச் சொல்லுங்க 😄

குவீன்ஸில்_ஆறு_குளிர்காலம்:
காப்பி அண்ணே, தியோங் பாருவில் அந்த விலைக்கு என்ன கிடைக்கும் என்று ஒருதடவை பார்த்துவிட்டு வாங்க.

அக்கா, ஒன்று விட்டுப்போச்சு. பழைய வீட்டில் வாழ்வதே தனிப் பழக்கம். ஜன்னலுக்குக் கீழே இரும்பு ரேடியேட்டர் இருக்கும், நடுராத்திரி நீராவி ஏறும்போது யாரோ சுத்தியலால் குழாயைத் தட்டுகிற மாதிரி டங் டங் என்று கேட்கும். சூட்டைக் கட்டுப்படுத்துவது நம் கையில் இல்லை, ஜனவரியில் வெளியே பனி கொட்ட நான் உள்ளே பனியனோடு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சமையலறையில் புகை உறிஞ்சியே இல்லை, மீன் பொரித்தால் நடைவழி முழுக்கத் தெரியும். துணி துவைக்க நிலவறைக்குப் போக வேண்டும், வீட்டுக்குள் மெஷின் வைக்கத் தடை. மரத்தரை அழகுதான், ஆனால் கீழ் வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாதென்று அதில் 80 விழுக்காட்டைக் கம்பளத்தால் மூடச் சொல்லும் விதி நிறையக் கட்டடங்களில் உண்டு!

முக்கியமானது, வேலை மாறி ஊர் திரும்பினால் வாடகைக்கு விட முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டு வருஷம் குடியிருந்த பிறகுதான், அதுவும் ஒன்றிரண்டு வருஷத்துக்குத்தான் என்று எங்கள் கட்டடத்தில் விதி. நான் விற்றதே அதனால்தான்.

ஈசூன்வாசி:
எல்லாருக்கும் நன்றி. வாடகை விஷயம் தம்பிக்கே தெரியவில்லை, இன்று வக்கீலைக் கேட்கிறானாம். ஐந்து வருஷ விதியைச் சொன்னதும் அப்பா அடங்கிவிட்டார், மரண வரியை நான் வாயே திறக்கவில்லை. "பேர் இல்லாவிட்டால் போகட்டும், பால் காய்ச்ச நான் வருவேன், டிக்கெட் போடு" என்கிறார்.

குவீன்ஸில்_ஆறு_குளிர்காலம்:
இப்போதே டிக்கெட் போடாதீர்கள் அக்கா. காகிதம் எல்லாம் போய், குழு கூடி, சாவி கைக்கு வர எனக்கு மூன்று மாசம் ஆனது. அப்புறம், பால் காய்ச்சும்போது கற்பூரம் மட்டும் வேண்டாம், புகை மணி அடித்தால் நேர்காணல் செய்தவர்களே கதவைத் தட்டுவார்கள்.