வீட்டு சர்வருக்கு ஈசிசி ரேம் (பிழையைத் தானே கண்டுபிடிச்சித் திருத்துற மெமரி) வேணுமா? உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

ஹட்டன்:
சர்வர்னதும் பெருசா நினைச்சிறாதீங்க. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், ரெண்டு ஹார்ட் டிஸ்க், இசட்எஃப்எஸ் (ஃபைல் கெட்டிருக்கான்னு சரிபார்க்கிற சேமிப்பு முறை), அவ்வளவுதான். பெருசு உள்ள இருக்கிறதுதான். தாத்தாவோட பிரஜாவுரிமைக் கடுதாசி, எங்க தோட்டத்து லயத்துக் குடும்பங்களோட பிறப்புச் சாட்சிப்பத்திரம் எல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன். மூலப் பிரதியில பாதிய மழையும் கரையானும் தின்னாச்சி.

போன வருஷம் தாத்தா கடுதாசியத் திறந்தா, பாதிக்குக் கீழ ஒரே சாம்பல் பட்டை. டிஸ்க்தான் போச்சின்னு புதுசு வாங்கினேன் (வீண் செலவு). ஸ்க்ரப் (டிஸ்க்ல உள்ளதெல்லாம் சரியான்னு பார்க்கிற வேலை) ஓட்டினா ஒரு பிழையும் காட்டல. பேக்கப்புலயும் அதே சாம்பல். கடைசியா ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கிற புரோகிராம்) ஓட விட்டேன், விடிஞ்சி பாத்தா திரை முழுக்கச் சிவப்பு. ஒரு ரேம் துண்டுல எப்பவும் அதே இடம், அதே பிட் (0 இல்லன்னா 1).

படம் ரேம்ல இருக்கும்போதே பிட் புரண்டிருக்கு. அதுக்குப் பிறகுதான் இசட்எஃப்எஸ் செக்சம் (பிறகு மாறியிருக்கான்னு பார்க்கிற சரிபார்ப்பு எண்) போட்டிருக்கு. கெட்ட படத்துக்கு நல்ல முத்திரை! பேக்கப் அதை ஒழுங்கா நகலெடுத்து வச்சிருச்சி.

ஈசிசியில 64 பிட்டுக்கு மேலதிகமா 8 பிட். ஒண்ணு மாறினா திருத்தும், ரெண்டு மாறினா திருத்தாது, ஆனா சொல்லிரும். எனக்கு அந்தச் சொல்றதுதான் வேணும்.

நுவரெலியா:
அண்ணே, நான் பயந்தது காஸ்மிக் கதிருக்கு, விண்வெளியில இருந்து வர்ற அதுவும் பிட்டைப் புரட்டும். நாங்க 1868 மீட்டர்ல இருக்கோம், உயரம் கூடினா கதிரும் கூடும். ஆனா நிலநடுக்கோட்டுப் பக்கம் பூமியோட காந்தப்புலம் நிறையவே தடுத்துருது. கூகுள் சர்வர்கள வச்சி 2009ல வந்த ஆய்வுல, வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கு மேல ரேம் துண்டுகள்ல பிழை. அதுலயும் கதிரால வர்றத விட, உங்களது மாதிரி துண்டே பழுதாகி வர்றதுதான் கூட. என்கிட்ட இருக்கிறது படமும் பாட்டும், போனா திரும்ப எடுக்கலாம். அந்தக் காசுக்கு யூபிஎஸ் வாங்கிட்டேன். இடி மாசத்துல கரண்ட் படுத்துற பாடு உங்களுக்கே தெரியும்.

பண்டாரவளை:
என்னை மாதிரி ஏமாறாதீங்க. மலிவா கிடைக்குதேன்னு கொழும்புல சர்வர் ரேம் வாங்கினேன். ரெஜிஸ்டர்டு வகை (நடுவுல தனி சிப் வச்ச சர்வர் ரேம்), என் போர்டுல ஸ்டார்ட்டே ஆகல. சாதாரண போர்டுக்கு அன்பஃபர்டு (அந்தச் சிப் இல்லாத) ஈசிசிதான் கேக்கணும், அதையும் போர்டும் ப்ராசஸரும் ஏத்துக்கணும். டிடிஆர்5ல "உள்ளயே ஈசிசி இருக்கு"ன்னு கடைக்காரர் சொன்னா நம்பிறாதீங்க. அது சிப்புக்குள்ள மட்டும் திருத்திக்கிறது, ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடு வழியில கெட்டா உங்களுக்குத் தெரியாது.

ஹட்டன்:
நன்றி தங்கச்சி, நல்ல நேரத்துல சொன்னீங்க. பழைய ஜியான் இ3 (இன்டெல் சர்வர் ப்ராசஸர்) பெட்டி ஒண்ணு வாங்கி, அன்பஃபர்டுதான் போட்டேன். டிஎம்ஐடிகோட்ல (ஹார்ட்வேர் விவரம் காட்டுற கட்டளை) மொத்த அகலம் 72, டேட்டா 64ன்னு காட்டுது, அந்த மேலதிக 8 பிட்டும் இருக்கு. தாத்தா கடுதாசியோட மூலம் சித்தப்பா டிரங்குப் பெட்டியில இருந்திச்சி. ஞாயித்துக்கிழமை போயி மறுபடி ஸ்கேன் பண்ணிட்டு வந்துட்டேன்.